வெள்ளி நாணயத்தை இணைய ஏலத்தில் விற்பது, ரிட்டர்ன் வந்தால் கையாள்வது: முழுமையான வழிகாட்டி

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பத்து வெள்ளி ரூபாய் கிடைக்கிறது. உடனே புளி போட்டுத் தேய்க்கிறார்கள், பளபளவென்று போனில் ஒரு படம் எடுக்கிறார்கள், "பழைய வெள்ளிக் காசு, ஒரிஜினல்" என்று ஏலத்தில் போடுகிறார்கள். காசு விற்கிறது. பத்தாவது நாள் ரிட்டர்ன் கேட்டு ஒரு செய்தி வருகிறது. அதற்கப்புறம்தான் எடை எவ்வளவு, விளிம்பு எப்படி இருந்தது என்று யோசிக்கிறார்கள். காசோ அப்போது கையில் இல்லை.

புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கத்திலும் பலருக்கு இந்த வேலையில் கூட இருந்து உதவியிருக்கிறேன். தடுமாறியவர்கள் எல்லோரும் தடுமாறியது வரிசையில்தான். ரிட்டர்ன் வருகிற நாளில் நமக்குத் தேவையான ஆதாரம் எல்லாமே ஏலப் பதிவு போடுவதற்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டியவை. அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். அவசரம் என்றால் ஒரு காசுக்கு மட்டும் செய்யுங்கள், பத்துக்கும் அரைகுறையாகச் செய்ய வேண்டாம்.

1. முதலில் மேஜையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. சமையலறைத் தராசு உதவாது. அது ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் தாவும். நமக்கோ முழுச் சண்டையும் பத்தில் ஒரு கிராமில்தான் இருக்கும்.

வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், தையல் நூல், கண்ணாடி டம்ளர். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் ஜன்னல் உள்ள அட்டை உறைகள், நாணயம் சேகரிப்பவர்கள் வைப்பது. அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம்.

உறை வாங்கும்போது பி.வி.சி. கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான மெத்து மெத்தென்ற பிளாஸ்டிக் கவர் சில மாதத்தில் பச்சையாகக் கசிந்து காசில் ஒட்டும். ரப்பர் பேண்டும் கூடாது. அதில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும். நம் ஊர் கடற்கரை ஊர், காற்றிலேயே ஈரம் அதிகம். உறைகளை வைக்கும் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

2. கழுவாதீர்கள், உரசாதீர்கள்

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம், விலையை அதிகம் கெடுக்கிற தவறு இதுதான். புளி, விபூதி, பீதாம்பரி, பற்பசை எதுவும் வேண்டாம். வெள்ளியின் மேல் படியும் கருமை, காற்றில் உள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டானது. சேகரிப்பவர்கள் அந்தக் கருமையைத்தான் பார்த்து வாங்குவார்கள். தேய்த்தால் லென்ஸில் ஆயிரம் மெல்லிய கோடுகள் தெரியும். கழுவிய காசு என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம் அது வெள்ளி விலைக்குத்தான் போகும்.

பூஜையில் இருந்த காசில் குங்குமமும் சந்தனமும் அப்பியிருக்கும். சுத்தமான குடிநீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்து, பஞ்சால் ஒற்றி எடுங்கள். போகாததை விட்டுவிடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

இன்னொன்று. நேரு வீதிப் பக்கம் போனால் நகைக்கடையில் காட்டிவிட்டு வரலாம் என்று தோன்றும். காட்டுங்கள், ஆனால் உரைகல்லில் உரசவோ விளிம்பில் அரம் போடவோ விடாதீர்கள். அவர்கள் கண்ணுக்கு அது வெள்ளி, அதனால் உரசிப் பார்ப்பது இயல்பு. நமக்கு அது நாணயம்.

3. கையில் இருப்பது எது என்று பிரியுங்கள்

பெயர் தப்பானால் பின்னால் வரும் எல்லாமே தப்பு. "விவரத்தில் சொன்னது வேறு, வந்தது வேறு" என்று ரிட்டர்ன் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய். எடை 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. 1835 முதல் 1939 வரை பொறித்தவற்றில் வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். இரண்டும் ஒரே எடை. பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவதில் 10.69 கிராம் சுத்த வெள்ளி, இரண்டாவதில் 5.83 கிராம். இதைக் கலந்து "பத்து வெள்ளி ரூபாய்" என்று ஒரே கட்டாகப் போடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

1947 ரூபாய் வெள்ளியே இல்லை, அது நிக்கல். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். சுதந்திர வருடத்துக் காசு, வெள்ளிதான் என்று பிடிவாதம் பிடித்த ஒருவருக்கு என் மேஜையிலேயே காந்தம் வைத்துக் காட்டினேன். அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அது ஏலம் முடிந்து தெரிவதைவிட முன்னாலேயே தெரிந்தது நல்லது.

வருடத்தைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். விக்டோரியா ராணியின் 1840 ரூபாய் 1862 வரைக்கும் அதே வருடத்தோடு அச்சானது. 1862 என்று பொறித்ததும் அப்படித்தான், பல வருடம் அதே எண்ணோடு வந்தது. அதனால் "1862இல் அச்சடித்தது" என்று எழுதாதீர்கள். "1862 என்று பொறித்தது" என்று எழுதுங்கள். 1840இல் ராணியின் பெயர் தலையைச் சுற்றித் தொடர்ச்சியாகவும் இருக்கும், இரு பக்கமும் பிரிந்தும் இருக்கும். எது உங்களுடையது என்று குறிப்பிடுங்கள். வாங்குபவர் அதைத்தான் தேடுவார்.

1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒரு தனிக் கதை. ராஜாவின் அங்கியில் உள்ள யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, அடுத்த வருடமே யானையைத் திருத்தி அச்சடித்தார்கள். இதை விற்றால் அந்த யானை உள்ள இடத்தை மட்டும் பெரிதாக ஒரு படம் எடுத்துச் சேர்க்க வேண்டும். 1939 ரூபாய் அரிது. அதனாலேயே 1938இன் கடைசி இலக்கத்தைச் செதுக்கி 1939 ஆக்கிய போலிகள் சுற்றுகின்றன. உங்களிடம் 1939 இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் லென்ஸில் அந்த 9ஐப் பாருங்கள்.

புதுச்சேரிக் குடும்பங்களில் வேறொன்றும் இருக்கும். தாத்தா சைகோனில் வேலை பார்த்தவர் என்றால், பெட்டியில் பெரிய பியாஸ்தர் காசு கிடைக்கலாம். ஒளிக்கதிர் முடி சூடிய பெண் உட்கார்ந்திருப்பார், பிரெஞ்சு இந்தோசீனா என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். 1895க்குப் பிறகு வந்தவை 27 கிராம், வெள்ளி 90 சதவீதம். இதற்குப் போலி நிறைய, ஆகவே அடுத்த படியை இதற்கு இரண்டு முறை செய்யுங்கள். இங்கேயே பிரெஞ்சுக்காரர்கள் அச்சடித்த பிறைக் குறி போட்ட ஆற்காடு ரூபாயோ, சின்ன வெள்ளிப் பணமோ இருந்தால் நீங்களாக ஏலத்தில் போடாதீர்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய நினைவு நாணயத்தில் அதிகம் கிடைப்பது 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய். 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி, அதாவது 12 கிராம்.

கடைசியாக, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்டு, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று எழுதிய காசு. கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிடவே இல்லை. அது வேண்டுதலுக்கோ விற்பனைக்கோ பின்னாளில் செய்த வில்லை. வீட்டில் சாமி அறையிலேயே இருக்கட்டும்.

4. எடை, அளவு, தண்ணீர்ச் சோதனை

காசை விளிம்பில் மட்டும் பிடித்துத் தராசில் வையுங்கள். புழங்கித் தேய்ந்த ரூபாய் 11.3 முதல் 11.6 வரை காட்டும். 11க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். 11.66க்கு மேலே தெளிவாகத் தாண்டினாலும் சந்தேகப்படுங்கள். விட்டம் ஏறக்குறைய 30.5 மில்லிமீட்டர்.

எடை மட்டும் போதாது, போலி செய்பவருக்கும் எடை தெரியும். தண்ணீர்ச் சோதனைதான் பிடித்துக் கொடுக்கும். டம்ளரில் முக்கால்வாசி நீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் சுருக்குப் போட்டுத் தொங்கவிட்டு, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாதபடி பிடியுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் லேசாக அசைத்து விடுங்கள். இப்போது தராசு ஒரு எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுங்கள். வருவதுதான் உலோகத்தின் அடர்த்தி.

11.66 கிராம் ரூபாய்க்கு 1.13 காட்டினால் வகுத்து வருவது 10.3, அது 91.7 சதவீத வெள்ளிக்கு உரியது. 1.22 காட்டினால் 9.5 சுமார், பாதி வெள்ளி. 1.36 காட்டினால் 8.6 பக்கம் வரும், அது ஜெர்மன் சில்வர் வகை, வெள்ளியே இல்லாதது. பியாஸ்தருக்குத் தராசு 2.62 பக்கம் காட்ட வேண்டும். கை நடுங்கினால் எண் ஆடும். மூன்று தடவை செய்து, மூன்றையும் எழுதி வையுங்கள்.

அப்புறம் விளிம்பு. இந்தச் சோதனையை யாருமே செய்வதில்லை. நம் ஊரில் வெள்ளி ரூபாயைக் காசாக மட்டும் வைத்திருக்கவில்லை. கொக்கி பற்ற வைத்துக் கழுத்தில் போட்டார்கள், துளையிட்டுக் குழந்தை இடுப்பில் கட்டினார்கள். பிற்பாடு அந்தக் கொக்கியை எடுத்து, துளையை அடைத்து மெருகு போட்டிருப்பார்கள். ஒரு 1840 ரூபாயை நான் அப்படிப் பார்க்காமல் விற்றுவிட்டேன். ராணியின் கொண்டைக்கு நேர் மேலே விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு மழுங்கல், அங்கே மட்டும் வெள்ளி கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. வாங்கியவர் படம் எடுத்து அனுப்பியபோதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. பணத்தையும் இரு வழித் தபால் செலவையும் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். அன்றிலிருந்து விளிம்பை லென்ஸில் ஒரு முழுச் சுற்று பார்க்காமல் எந்தக் காசையும் நான் பதிவு செய்ததில்லை.

5. சட்டம்: மூன்று கேள்விகள்

நூறு வருடம் ஆனதா? இந்த வருடத்திலிருந்து 100ஐக் கழியுங்கள். அந்த வருடமோ அதற்கு முந்தையதோ என்றால், 1972 தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. வெளிநாட்டு ஏலத் தளத்தில் அமெரிக்காக்காரர் நல்ல விலை கேட்கிறார் என்று விக்டோரியா ரூபாயைத் தபாலில் போடுவது குற்றம். பதிவிலேயே "இந்தியாவுக்குள் மட்டும்" என்று தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் இருந்ததா, தொழிலா? நூறு வருடம் தாண்டியதை விற்பதைத் தொழிலாகச் செய்ய அதே சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். ஊர் ஊராக வாங்கி விற்கத் தொடங்கும் எண்ணம் இருந்தால், அதை முதலில் முடித்துவிட்டு இறங்குங்கள். வரிக் கணக்கையும், தளம் கேட்கும் ஜி.எஸ்.டி. விவரத்தையும் ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணிலிருந்து வந்ததா? அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் அது உங்களுடையது என்று முடிவு செய்யாதீர்கள். 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இருக்கிறது, கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

6. எங்கே விற்பது

சாதாரண ரூபாய், அதாவது எளிதில் கிடைக்கும் வருடங்கள், தேய்ந்த நிலை: பொது ஏலத் தளத்தில் நீங்களே போடலாம். அரிய வருடம், நல்ல நிலை, பிரெஞ்சு இந்தியக் காசு: நாணயத்துக்கென்றே உள்ள ஏல நிறுவனத்திடம் கொடுங்கள். மும்பையிலும் பெங்களூருவிலும் அப்படிப்பட்டவை உண்டு. கமிஷன் போகும். ஆனால் பார்த்துப் பெயர் வைப்பது, பட்டியல் போடுவது, வாங்கியவரின் புகாரைக் கேட்பது எல்லாம் அவர்கள் வேலை. முதல் தடவை விற்பவருக்கு அந்த நிம்மதி கமிஷனைவிடப் பெரிது என்பது என் கருத்து.

முகநூல் குழு ஏலத்தில் பணம் நேரடியாக வரும், நடுவில் யாரும் இல்லை. பணம் அனுப்பக் கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது.

"இந்த ஒரு ரூபாய்க்குப் பத்து லட்சம்" என்று வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி பெயரைப் போட்டுக் கட்டணம், வரி என்று கேட்பார்கள். பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாகவே அறிவித்தது.

7. படம்

காலையில் வடக்கு ஜன்னல் ஓரம், சாம்பல் நிற அட்டையின் மேல் காசு. ஃபிளாஷ் வேண்டாம், அது கீறலை மறைத்துவிடும். மறைந்த கீறல் வாங்கியவர் வீட்டில் தெரியும்.

குறைந்தது எட்டுப் படம்: தலைப்பக்கம் ஒன்று, பூப்பக்கம் ஒன்று, இரண்டையும் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்று, விளிம்பைக் கால் கால் சுற்றாகச் சுழற்றி மூன்று நான்கு, தராசில் எண் தெரியும்படி ஒன்று. குறை எங்கே இருக்கிறதோ அதற்குத் தனிப் படம் எடுங்கள்.

ஒவ்வொரு காசிலும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒரு சின்ன வெட்டு, ஓர் எழுத்தின் காலில் ஒரு புள்ளி. அப்படி இரண்டு இடத்தைக் கண்டுபிடித்து நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். இதைப் பதிவில் போட வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். பன்னிரண்டாவது படியில் இதுதான் காப்பாற்றும்.

8. விவரம் எழுதுவது

எழுதிய ஒவ்வொரு சொல்லும் வாக்குறுதி. "அபூர்வம்", "புதுசு மாதிரி" என்ற சொற்களால் ஏலம் கொஞ்சம் ஏறலாம், ரிட்டர்னும் அதே சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அளந்ததை எழுதுங்கள், பார்த்ததை எழுதுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"ஒரு ரூபாய், எட்வர்ட், 1907 என்று பொறித்தது. எடை 11.52 கிராம், விட்டம் 30.5 மி.மீ. தலையில் முடிக் கோடுகள் பாதி தேய்ந்துள்ளன. பூப்பக்கம் இடது ஓரம் ஒரு கீறல், ஐந்தாவது படம். விளிம்பில் கொக்கி, துளை, பற்ற வைத்த தடம் இல்லை. எப்போதோ ஒருமுறை கழுவியிருக்கலாம். குடும்பத்தில் இருந்த காசு."

"எப்போதோ கழுவியிருக்கலாம்" என்று எழுதினால் விலை குறையாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் குறையும். ஆனால் அதை மறைத்து விற்று, இரண்டு வழி இன்சூர் தபால் கட்டி, கெட்ட மதிப்புரையும் வாங்கினால் அதைவிட அதிகம் போகும்.

9. ரிட்டர்ன் விதியை ஏலத்துக்கு முன்பே எழுதுங்கள்

"நோ ரிட்டர்ன்" என்று ஒரு வரி போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தளங்கள் மூலம் தொழிலாகத் தொடர்ந்து விற்பவர்களுக்கு 2020 மின்வணிக நுகர்வோர் விதிகள் இருக்கின்றன. பொருள் போலியாகவோ, குறையுள்ளதாகவோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. ஆகவே அந்த வரியால் பயனில்லை, வாங்குபவருக்குச் சந்தேகம் வருவதுதான் மிச்சம். எந்த நிலையில் எடுப்பேன், எந்தச் செலவு யாருடையது என்று தெளிவாக எழுதுவதுதான் பாதுகாப்பு. என் விதி இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"காசு கிடைத்த 7 நாளுக்குள் தளத்தின் செய்திப் பெட்டியில் தெரிவிக்க வேண்டும். போலி என்றாலோ, நான் எழுதியதற்கு மாறாக இருந்தாலோ முழுப் பணம், இரு வழித் தபால் செலவு என்னுடையது. பிடிக்கவில்லை என்றால் காசின் விலை மட்டும் திரும்பும், தபால் செலவு உங்களுடையது. இதற்கு உறை திறக்காமல் இருக்க வேண்டும். கழுவிய, தேய்த்த, உரசிய காசைத் திரும்ப எடுப்பதில்லை. திரும்பும் காசு என் எடைக் குறிப்போடும் படங்களோடும் ஒத்திருக்க வேண்டும்."

உறை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையை மனம் மாறியவருக்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன். போலியோ என்று சந்தேகப்படுபவர் எடை போடத் திறந்துதான் ஆக வேண்டும். அவரையும் தடுத்தால் அது நியாயமில்லை.

தளத்தின் விதி உங்கள் விதியைவிட வலுவானது. தளம் 10 நாள் என்றால் நீங்கள் 7 என்று எழுதிப் பயனில்லை. விதிப் பக்கத்தைப் பதிவு போடும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நடுவில் மாற்றிவிடுவார்கள்.

10. ஏலத்தை நடத்துவது

தொடக்க விலை: சுத்த வெள்ளி எத்தனை கிராம் என்று மூன்றாம் படியில் தெரிந்துவிட்டது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே தொடங்காதீர்கள். ஒரு ரூபாயில் தொடங்கினால் கூட்டம் வரும் என்பது நிறையப் பேர் பின்தொடரும் விற்பனையாளருக்குத்தான் பொருந்தும்.

ஏலம் முடிவது ஞாயிறு இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வரட்டும். தீபாவளி, பொங்கல் நாட்களில் முடிய விடாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் போனில் இருக்க ஆள் வேண்டும்.

மச்சானை விட்டு ஏற்றிவிடச் சொல்லாதீர்கள். அது மோசடி. காசு மச்சான் தலையிலேயே விழுவதும் உண்டு, தளம் கணக்கையே மூடுவதும் உண்டு.

11. பேக்கிங், அனுப்புதல்

பணம் வந்தது உறுதியானதும், ஒரே வீடியோவில், நடுவில் நிறுத்தாமல்: காசு, தராசில் எடை, அந்த இரண்டு ரகசிய அடையாளம், உறையில் போடுவது, உறைக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பது, ஓரத்தில் கையெழுத்துப் போட்ட மெல்லிய ஸ்டிக்கர் ஒட்டுவது, பெட்டி மூடுவது, முகவரி. ஒருவர் போனைப் பிடிக்க, ஒருவர் பேக் செய்தால் சுலபம்.

உறையை இரண்டு தடிமனான அட்டைக்கு நடுவில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். பெட்டியைக் காதோரம் வைத்து ஆட்டினால் சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் உள்ளே காசு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போகும். பெட்டியின் மேல் "வெள்ளி", "நாணயம்" என்று எழுதாதீர்கள்.

பல தனியார் கூரியர்கள் நகையும் நாணயமும் எடுப்பதில்லை என்று தங்கள் நிபந்தனையிலேயே போட்டிருக்கிறார்கள். "கிஃப்ட்" என்று சொல்லிக் கொடுத்தால், தொலைந்த அன்று கேட்க உரிமை இருக்காது. நான் ரங்கப்பிள்ளை வீதித் தலைமைத் தபால் நிலையத்தில் கவுன்டரில் உள்ளதைச் சொல்லி, முழு மதிப்புக்கு இன்சூர் செய்துதான் அனுப்புகிறேன். மதியத்துக்குள் போங்கள். ரசீதைப் படம் எடுத்து அன்றே வாங்கியவருக்கு அனுப்புங்கள்.

12. ரிட்டர்ன் கேட்டால்

முதல் நாள் செய்ய வேண்டியது ஒன்றுதான், அமைதியாகப் பதில் போடுவது. "பார்த்தேன், காசின் இரு பக்கமும் விளிம்பும் படம் எடுத்து, எடையோடு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்." தளத்தின் செய்திப் பெட்டியில் மட்டும் பேசுங்கள். வாட்ஸாப்பில் பேசியதைத் தளம் கணக்கில் எடுக்காமல் போகலாம்.

படம் வந்ததும் உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். காரணம் எதுவென்று பாருங்கள்.

உங்கள் தவறு என்றால், எழுதாமல் விட்ட குறை, தப்பான வகை, எதுவானாலும் வாதாட வேண்டாம். ஒப்புக்கொண்டு, தபால் செலவை ஏற்றுத் திரும்ப வாங்குங்கள். சில சமயம் வாங்கியவரே காசை வைத்துக்கொண்டு கொஞ்சம் பணம் திரும்பக் கேட்பார். சின்னக் குறைக்கு அது நல்ல வழி, இருவருக்கும் தபால் அலைச்சல் மிச்சம்.

மனம் மாறினால், விதிப்படி நடங்கள். முகம் சுளிக்காதீர்கள்; அடுத்த ஏலத்துக்கும் அவரே வரலாம்.

போலி என்கிறார், நீங்கள் அசல் என்கிறீர்கள் என்றால், கருத்துச் சண்டையாக விடாதீர்கள். தண்ணீர்ச் சோதனை எண்ணை அனுப்புங்கள். அவர் ஊர் ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே முறையில் காசை உரசாமலே உலோகம் பார்த்துத் தருவார்கள். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும், உள்ளே வேறு உலோகம் இருந்தால் காட்டாது. அதனால் அடர்த்தியும் சேர்ந்து வேண்டும். அதற்கும் தீரவில்லை என்றால் காசைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அசல் காசு அடுத்தவரிடம் விற்கும்.

நம் காசை வைத்துக்கொண்டு வேறு காசைத் திருப்பி அனுப்புவதுதான் கடினமான வகை. ஒருமுறை நான் அனுப்பிய ரூபாய் 11.52 கிராம், திரும்பி வந்தது 11.38. அதே ராஜா, அதே வருடம், ஆனால் காதுக்குப் பின்னால் இருக்க வேண்டிய வெட்டு இல்லை. தளம் முதலில் வாங்கியவர் பக்கமே பேசியது. அனுப்பிய வீடியோ, பிரித்த வீடியோ, இரண்டு நெருக்கப் படம், எடைக் குறிப்பு, இந்த நான்கையும் ஒரே செய்தியில் வைத்தேன். கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்பது நாள் கழித்து முடிவு என் பக்கம் வந்தது. அந்த வெட்டைப் படம் எடுக்காமல் இருந்திருந்தால் காசும் போய்ப் பணமும் போயிருக்கும்.

அதனால் திரும்பி வரும் பெட்டியைத் தனியாகப் பிரிக்காதீர்கள். தபால்காரர் கையிலிருந்து வாங்கியதுமே வெளி டேப்பை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், பெட்டி எடையைப் போடுங்கள், பிறகு நிறுத்தாத வீடியோவில் திறந்து, காசைத் தராசில் வையுங்கள். ஒத்திருந்தால் அன்றோ மறுநாளோ பணத்தைத் திருப்புங்கள். காசு கைக்கு வருவதற்கு முன் பணம் திருப்ப வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும்.

திரும்பி வந்த காசை மறுபடி ஏலத்தில் போடுமுன் அவர் சொன்ன குறையை விவரத்தில் சேர்த்து எழுதுங்கள். பழைய பதிவை அப்படியே நகல் எடுத்தால் அதே காரணத்துக்கு இன்னொரு ரிட்டர்ன் வரும்.

13. நோட்டுப் புத்தகம்

ஒரு காசுக்கு ஒரு பக்கம். மேலே காசின் பெயர், யாரிடமிருந்து வந்தது, மூன்று தண்ணீர்ச் சோதனை எண், ரகசிய அடையாளம். கீழே விற்ற தேதி, விலை, தளம் பிடித்த கமிஷன், தபால் செலவு, ரசீது எண். தளம் கொடுத்த ரிட்டர்ன் காலம் முடிந்து, பணம் வங்கிக்கு வந்து, அதற்கு மேல் இரண்டு மாதம் ஆகும் வரை எந்த வீடியோவையும் போனிலிருந்து அழிக்காதீர்கள். இடம் போதவில்லை என்றால் பென் டிரைவில் மாற்றி, காசின் எண்ணைப் பெயராகப் போட்டு, அந்தப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.